சாண்டா மார்த்தா ஓசனிச்சிட்டு எந்த இனம்? அது அழிந்துவிட்டதா?

அழிந்துவிடவில்லை, ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்புக்கு மிக அருகிலுள்ள 'மிக அருகிய இனம்' என்ற படிநிலையில் அது இருக்கிறது.

நம் தோட்டங்களுக்கு வரும் தேன்சிட்டைப் பலரும் ஹம்மிங்பேர்ட் என்று அழைப்பதால், முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். தேன்சிட்டு, குருவியும் காகமும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. உண்மையில் ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டுகளோ அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. அவற்றின் மிக நெருங்கிய உறவினர், வானில் ஓயாமல் பறந்து திரியும் உழவாரன்கள்தாம்.

கொலம்பியாவின் கரீபியக் கடற்கரையை ஒட்டி, ஆண்டிஸ் தொடரிலிருந்து விலகித் தனித்து எழும் சியரா நெவாடா தெ சாண்டா மார்த்தா மலைத்தொகுதியைத் தவிர, உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. 1879இல் பறவையியலாளர்கள் சால்வினும் காட்மனும் இதற்குக் காம்பிலாப்டரஸ் ஃபைனோபெப்லஸ் என்று அறிவியல் பெயரிட்டனர். முதற்பகுதியான பேரினப் பெயருக்கு (பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) 'வளைந்த சிறகு' என்றும், இனப் பெயருக்கு 'ஒளிரும் ஆடை' என்றும் பொருள். இப்பேரினத்து ஆண்களின் வெளிச்சிறகுத் தண்டுகள் தடித்து வளைந்திருக்கும். இந்த இனத்தின் ஆணுக்கு மரகதப் பச்சை உடலும் நீலக் கழுத்தும் உண்டு. மரபணு ஆய்வுகளுக்குப் பின் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் சில இனங்கள் பாம்பா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டபோதும், இது தன் இடத்திலேயே நீடிக்கிறது.

1946க்குப் பின் பல பத்தாண்டுகள் உறுதியான பதிவு எதுவுமில்லை. 2010இல் இம்மலையிலுள்ள எல் டொராடோ காப்பகத்தில் ஒரு பறவை வலையில் சிக்கி, படமெடுக்கப்பட்டு விடுவிக்கப்பட்டது. பிறகு 2022 ஜூலையில்தான் மீண்டும் உறுதியாகக் காணப்பட்டது.

வகைப்பாட்டை வெறும் பெயர் விவகாரமாகக் கருதுவோருக்கு இதே மலையின் உயர்புல்வெளியில் வாழும் நீலத்தாடிச் சிட்டு என்ற மற்றோர் ஓசனிச்சிட்டை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். அது அடங்கிய ஆக்ஸிபோகன் பேரினம் முழுவதும் ஒரே இனமாக எண்ணப்பட்ட காலத்தில், பரவலாக வாழும், அழிவு பற்றிய கவலை தேவைப்படாத பறவையின் ஒரு துணையினமாகவே அது பட்டியலில் மறைந்து கிடந்தது. 2013ஆம் ஆண்டு வாக்கில் அந்த இனத்தை நான்காகப் பிரித்த பிறகுதான், இந்த ஒற்றை மலையில் ஒரு தனி இனமே மறையும் நிலையில் இருப்பது அனைவருக்கும் புலப்பட்டது. 1946க்குப் பின் காணாதிருந்த அதுவும் 2015இல் மீண்டும் படமெடுக்கப்பட்டது.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஓசனிச்சிட்டுக் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின்கீழ் வருகிறது. ஆனால் சாண்டா மார்த்தா பறவைக்கு ஆபத்து வணிகத்தால் வருவதில்லை. பயிருக்கும் மேய்ச்சலுக்குமாக நடுமலைக் காடு வெட்டப்படுவதாலும் எரிக்கப்படுவதாலும் வருகிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அருகிய இனங்களைக் காப்பதில் உலகிலேயே ஈடுசெய்ய முடியாத காப்பிடம் என்று இம்மலையின் தேசியப் பூங்காவைத்தான் முதலிடத்தில் வைத்தது. இருந்தும் பூங்கா எல்லைக்குக் கீழுள்ள சரிவுகளில் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் மிகுந்திருக்கின்றன. ஈரக்காட்டின் விளிம்புகளோடு, நிழல் மரங்களை விட்டுவைத்துக் காப்பி பயிரிடும் தோட்டங்களிலும் இப்பறவை பதிவாகியிருப்பதால், அந்த மரங்கள் வெட்டப்படாமல் நிற்பதை நான் காப்பகத்துக்கு அடுத்தபடியான தேவையாகவே கருதுகிறேன்.