கம்பெனி கைமாறியதும் மகனை ஊருக்கு அழைத்துவிட வேண்டுமா?

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை குலசேகரத்திலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் வந்து, மகன் அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் காட்டினீர்கள்: "எங்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள்." பெங்களூரு வீடியோ கேம் ஸ்டுடியோவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கும் பிள்ளையை உடனே வரவழைத்துக் குரூப் 4 பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பயம் வீணானதல்ல. மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிலிசார்ட் என்ற கேம் கம்பெனியைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது.

இன்னொன்றையும் பாருங்கள். சோனி 2022-ல் பங்கி என்ற கேம் ஸ்டுடியோவை 360 கோடி டாலருக்கு வாங்கியபோது, அதில் ஏறக்குறைய 120 கோடியை ஊழியர்கள் விலகாமல் இருப்பதற்கென்றே ஒதுக்கியது. விலையில் மூன்றில் ஒரு பங்கு! சேர்ந்து வேலை செய்து பழகிய கைகளுக்குத்தான் அந்த விலை. அதே பங்கி 2024 ஜூலையில் 220 பேரை வீட்டுக்கு அனுப்பியது. இத்தகைய தொகை பெரும்பாலும் தவணைகளில்தான் கைக்கு வரும். கடைசித் தவணை வாங்கியதும் மூத்தவர்கள் கிளம்பிவிடுவதும் உண்டு. தம்பிக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் மூத்தவர் இருக்கிறாரா, போகிறாரா என்பதுதான் என் முதல் கேள்வி. அவர் போனால் தம்பியும் வேறு இடம் தேடத் தொடங்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அவரிடம் இதைச் சொன்னால் உடனே புரியும். ரப்பர் தோட்டத்தைக் குறுகிய காலக் குத்தகைக்கு எடுத்தவர் பட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ஆழமாக வெட்டச் சொல்வார். நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார். புதிய முதலாளி எந்த வகை என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். புதிய கேம் தொடங்குகிறார்களா, புதியவர்களை எடுக்கிறார்களா, கையில் இருப்பதை மட்டும் முடிக்கச் சொல்கிறார்களா என்று தம்பி கவனிக்கட்டும்.

புதிய நியமனக் கடிதம் கொடுத்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். பழைய மூன்று ஆண்டுகளும் பணிக்காலத்தில் சேருமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி தேவை. கணக்கு அறுந்தால் நஷ்டம் தம்பிக்குத்தான். வேலையை விட்டு விலகாமல் இருக்கத் தொகை தந்தால், இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். தான் செய்த எந்தெந்த வேலைகளை வெளியே காட்டலாம் என்ற அனுமதியை இப்போதே வாங்கி வைப்பது மிக முக்கியம். இந்தத் துறையில் அடுத்த வேலை அந்தப் படைப்புகளை நம்பித்தான் கிடைக்கும். உரிமையோ கம்பெனியிடம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள், அம்மா. தினமும் இரவு அழைத்து "வேலை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்தக் கடிதத்துடன் அவரையும் அழைத்து வாருங்கள். மூவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். அதுவரை பயிற்சி வகுப்புக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.