ஆட்ரி லார்டை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டைக் கவிதைகளிலிருந்து தொடங்குவதா, கட்டுரைகளிலிருந்து தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் ‘சிஸ்டர் அவுட்சைடர்’ கட்டுரைத் தொகுப்பைப் பரிந்துரைப்பார்கள். நான் ‘பவர்’ என்ற ஒரே ஒரு கவிதையைச் சொல்வேன்.

1973இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிளிஃபர்ட் குளோவர் என்ற 10 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 11 வெள்ளை ஆண்களும் ஒரு கறுப்பினப் பெண்ணும் இருந்த நடுவர் குழு, மறு ஆண்டு அந்தக் காவலரை விடுவித்தது. காரில் சென்றுகொண்டிருந்த லார்ட், வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டதும் மேற்கொண்டு ஓட்ட முடியாமல் வண்டியை நிறுத்தி, குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியதே இக்கவிதை. காவலரைக் குற்றம் சாட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த ஒற்றைப் பெண் எப்படி இணங்க வைக்கப்பட்டாள் என்பதையும், சரியாகப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் தன் சினமே ஒருநாள் யாரோ ஒரு மூதாட்டியின் மேல் பாய்ந்துவிடும் என்ற அச்சத்தையும் சேர்த்தே எழுதினார். நியாயம் முழுவதும் தன் பக்கம் இருக்கும்போதும் தன் சினத்தையே விசாரணைக்கு உட்படுத்துகிற அந்த நேர்மைதான், என் பார்வையில், அவரைப் பெருங்கவிஞராக்குகிறது.

கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1934இல் நியூயார்க்கில் பிறந்து, நூலகராகப் பணியாற்றி, மணந்து, இரு குழந்தைகளுக்குத் தாயாகி, 1970இல் மணவிலக்குப் பெற்றவர் அவர். கறுப்பினப் பெண், லெஸ்பியன், தாய், போராளி, கவிஞர் என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். எந்த அவைக்காகவும் இவற்றில் ஒன்றைக்கூட மறைக்க அவர் இசையவில்லை.

அடுத்து ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலைப் படியுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக 1978இல் ஒரு மார்பகம் அகற்றப்பட்ட பின், செயற்கை மார்பகம் அணியாமல் மருத்துவரைக் காணச் சென்ற அவரிடம், அணிந்து வராவிட்டால் அங்குள்ளவர்களின் மன உறுதி குலையும் என்றார் ஒரு செவிலியர். கண்ணை இழந்து கறுப்புப் பட்டை கட்டிய இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் செயற்கைக் கண் பொருத்திக்கொள்ளுமாறு எவரும் சொல்லவில்லையே என்று லார்ட் எழுதுகிறார். அத்தோடு விடாமல், ஒற்றை மார்பகப் பெண்கள் படையாகத் திரண்டு நாடாளுமன்றத்துக்குச் சென்று, மாட்டுத் தீவனத்தில் புற்றுநோய் உண்டாக்கும் ஹார்மோன்களைத் தடை செய்யச் சொன்னால் என்னவாகும் என்றும் கேட்கிறார். சினம் இங்கே தன் இலக்கைச் சரியாகக் கண்டுகொள்கிறது. நூலில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது.

‘பவர்’ கவிதை 1978இல் வந்த ‘தி பிளாக் யூனிகார்ன்’ தொகுப்பில் இருக்கிறது. இவ்விரண்டையும் முடித்த பிறகு ‘சிஸ்டர் அவுட்சைடர்’ தொகுப்புக்குச் சென்று, இனவெறிக்கு எதிரான சினத்தைப் பெண்கள் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று 1981இல் அவர் ஆற்றிய உரையை முதலில் படியுங்கள்.