போட்டியன்று பீரியட்ஸ் வந்தால் மாத்திரை போடலாமா?

கேள்வி: மகளுக்கு 16 வயது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறாள். அடுத்த மாதம் போட்டி நடக்கும் நாளில் பீரியட்ஸ் வரும்போலிருக்கிறது. மாத்திரை போட்டுத் தள்ளிப்போடலாமா? அந்த நாட்களில் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார் மாமியார்.

பதில்: இறங்காது. பெரும்பாலும் பிரசவங்களுக்குப் பிறகு, வயதாகி, தாங்கும் தசைகள் தளர்ந்தவர்களுக்கு வரும் பிரச்னை அது. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

திருவிழா, கல்யாணம் என்று நம் வீடுகளில் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை ஒரு ஹார்மோன் மருந்து. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். குமட்டல், தலைவலி, வயிற்று உப்புசம் வரலாம். உப்பிய வயிற்றோடு ஓடுவதைவிட பீரியட்ஸோடு ஓடுவதே மேல் என்பேன்.

முதல் இரண்டு நாள் ஆட்டம் கொஞ்சம் மந்தமாகலாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சராசரி வித்தியாசம் மிகச் சிறியது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். லண்டனின் செல்சி பெண்கள் கால்பந்து அணி 2020-லேயே மாதவிடாய்ச் சுழற்சியைப் பார்த்துப் பயிற்சியை அமைத்தது. உங்களுக்கு தினசரி காலண்டர் போதும். தேதி, வலி, தூக்கம், அன்றைய ஆட்டம் எப்படி என்று மூன்று மாதம் குறிக்கட்டும். வலி அதிகமென்றால் டாக்டர் சொல்லும் வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடலாம். வெள்ளை ஷார்ட்ஸ் என்றால் கோச்சிடம் பேசுங்கள். இங்கிலாந்து பெண்கள் அணியே 2023-இல் நீலத்துக்கு மாறிவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டுமாகப் போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால் உடம்பு முதலில் நிறுத்துவது பீரியட்ஸைத்தான். 'தொல்லை விட்டது' என்று இருந்துவிடுவார்கள். உள்ளே எலும்பு பலமிழக்கும், ஒருநாள் முழங்காலுக்குக் கீழே கணுக்கால்வரை எங்காவது விரிசல் விடும். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அதிகம் போனாலும் சிக்கல்தான். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேலிருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவதற்கு அதுவும் காரணமாகலாம். சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், முருங்கைக்கீரையோடு நெல்லிக்காய் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம், முடிந்ததும் வயிறார இட்லி. இதை நாளைக் காலையே தொடங்கலாம்.