வலியோட ஓடலாமுங்களா? – வாசகர் கேள்வி, இயன்முறை மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: "வலிக்குது, ஆனா நிறுத்த மனசில்லை." விடிகாலையில் கோவை ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவர்களை நிறுத்திக் கேட்டாலும் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். "ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால் என் வேலை சுலபம். சின்னக் காயங்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. எதைக் குறைப்பது, எதை மாற்றிப் போடுவது என்று பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டம், சைக்கிள், ஓரியண்டீரிங் (வரைபடத்தைப் பார்த்து, ஆங்காங்கே வைத்த கொடிகளைத் தேடிப் போகும் ஆட்டம்) மூன்றையும் நாம் தனித்தனி நோட்டில் எழுதிக்கொள்கிறோம். கால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் பற்று வைக்கிறது.

போன ஞாயித்துக்கிழமை வலது கணுக்கால் பிரண்டு வீங்கிப் போச்சுங்க. இடது குதிகாலுக்கு மேல காலைல எந்திரிச்சா இறுக்கம். வாரத்துல ரெண்டு நாள் ஓட்டம், ரெண்டு நாள் சைக்கிள், வர்ற ஞாயிறு காங்கேயம் பக்கம் நண்பர்களோட ஓரியண்டீரிங். எல்லாத்தையும் நிறுத்தோணுங்களா?
– வாசகர், திருப்பூர்

முதலில் கணுக்கால். பிரண்ட உடனேயும் இப்போதும் நாலு எட்டு எடுத்துவைக்க முடிகிறதா? நொண்டினாலும் பரவாயில்லை. அடுத்து, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு செ.மீ. உயரம் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிப்பக்கம் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் முண்டையும், உட்பக்க வளைவின் மேல் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எங்காவது எலும்பிலேயே வலி சுரீரென்று வந்தாலோ, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, சுளுக்குதான். அதற்குப் படுக்கை வேண்டாம், நடந்தால்தான் சீக்கிரம் ஆறும்.

இடது காலில் உங்களுக்கு இருப்பது அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் நாண்) தொல்லை. இது ஒரு தந்திரக்கார வலி. ஓட ஆரம்பித்ததும் குறையும், ஓடி முடிக்கும்போது இல்லவே இல்லாத மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் பாத்ரூம் போகும்போது வட்டியோடு வந்து நிற்கும். அதனால் இதில் ஓடும்போது இருக்கும் வலியை நம்பாதீர்கள். பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் தொடரலாம். ஆனால் மறுநாள் காலை இறுக்கம் வழக்கத்தைவிட எச்சாக இருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம்.

வாரத்தை இப்படி ஓட்டுங்கள். திங்கள் நடை மட்டும். செவ்வாய் சமதளத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள், லேசான கியரில். பெடலை விரல் நுனியில் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பக்கமாகத் தள்ளி வைத்து மிதித்தால் தசைநாணுக்குப் பாரம் குறையும். புதனன்று கணுக்கால் வீக்கம் வடிந்து, நொண்டாமல் வேகமாக நடக்க முடிந்தால் மட்டும் இருபது நிமிடம், ஓட்டமும் நடையும் மாற்றி மாற்றி. மேடும் வேண்டாம், வேகமும் வேண்டாம். வெள்ளி மறுபடி சைக்கிள். சனி சும்மா இருங்கள். ஞாயிறு போய் வாருங்கள், ஆனால் நடந்து. மூன்றிலும் கணுக்காலுக்கு மோசமானது ஓரியண்டீரிங்தான். தடமில்லாத மேடுபள்ளம், கண் வேறு வரைபடத்தில் இருக்கும். பட்டை அல்லது டேப் போட்டுக்கொண்டு, நேரம் பார்க்காமல், ஒவ்வொரு கொடியையும் தவறாமல் கண்டுபிடிப்பதை மட்டும் இலக்காக வையுங்கள். வேகமாக ஓடுகிறவர் வழி தவறி அலையும்போது நடந்து வருகிறவர் முந்துகிற ஆட்டம் இது ஒன்றுதான்.

தசைநாணுக்கு தினமும் ஒரு வேலை உண்டு. படி விளிம்பில் இரண்டு காலாலும் எம்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். முட்டியை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி அதே மாதிரி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட முறை இது. ஓரியண்டீரிங் பிறந்ததும் அதே நாட்டில்தான். வலி குதி எலும்பில் ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால், படிக்குக் கீழே குதியை இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள். 12 வாரம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தசைநாண் நம் அவசரத்துக்கு ஆறுவதில்லை.

கொறங்காட்டுல கொடி தேடும்போது முள்ளு ஏறிருச்சுங்க. எடுத்துட்டேன், ஆனா முட்டிகிட்ட இன்னும் விண்ணுவிண்ணுங்குது. டி.டி. போடோணுமா?
– வாசகர், காங்கேயம்

கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், ஓரியண்டீரிங் பழகுவதற்கு அருமையான இடம். கிளுவை வேலி, கடவு (வேலி வாசல்), இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதை), தனி வேலாமரம், கிணறு என்று வரைபடத்தில் குறிக்க அத்தனையும் உண்டு. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கடவைத் திறந்தால் மூடுங்கள்; உள்ளே நிற்பது காங்கேயம் காளையாக இருக்கலாம்.

ஊசி விஷயம்: சிறுவயதில் முறையாகத் தடுப்பூசி போட்டவர் என்றால், மண் பட்ட ஆழமான காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். சுத்தமான சின்னச் சிராய்ப்புக்கு 10 ஆண்டு கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கம் தேவையற்றது.

எனக்குக் கவலை ஊசியைப் பற்றி இல்லை, அந்த விண்விண்ணைப் பற்றித்தான். முள் முனை உடைந்து மூட்டுக்குள் தங்கியிருந்தால் வாரக்கணக்கில் வீங்கி வீங்கி வடியும். எக்ஸ்ரேயில் முள் தெரியாது. "படத்துல ஒண்ணுமில்லை" என்று திரும்பி வருகிறவர்கள் இதனால்தான். அல்ட்ராசவுண்டில் தெரியும். முட்டி சூடாகச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

முன்கால் எலும்பு ஓரமா வலி, ரெண்டு மாசமா. வீட்ல "ஓட்டத்தை விடு கண்ணு"ன்னு சொல்றாங்க. எடை குறையட்டும்னு ராத்திரி சாப்பாட்டையும் விட்டுட்டேன். மூணு மாசமா பீரியட்ஸும் வரலை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா மேடம்?
– கல்லூரி மாணவி, ஈரோடு

இருக்கிறதம்மா. கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருப்பதுதான் உன் கடிதத்தில் முக்கியமானது.

முன்கால் வலி இரண்டு வகை. எலும்பின் உள்ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் எலும்பை ஒட்டிய சவ்வின் எரிச்சல். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே விரல் வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகும், எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கும். முதலில் நிறுத்துவது மாதவிடாயை. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு வலுவிழக்கும். இதற்கென்றே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் ஒரு தனிப் பெயர் வைத்து வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆண்களுக்கும் இது வரும். ஆகவே, மகளிர் மருத்துவரை இந்த வாரமே பார். எலும்பு சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை ஓட்டமும் ஓரியண்டீரிங்கும் வேண்டாம். வலிக்காவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். ராத்திரி சாப்பாடு இன்றைக்கே திரும்பி வரட்டும். வீட்டில் சொல்வதில் பாதி சரி: விட வேண்டியது ஓட்டத்தை அல்ல, பட்டினியை.

ஆடிக் காத்துல பல்லடம் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வந்தா முட்டிக்கு முன்னால வலிக்குதுங்க.
– வாசகர், உடுமலைப்பேட்டை

அம்மியே பறக்கிற காற்று, முட்டி என்ன செய்யும்? ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று அது. உங்கள் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். பெரிய கியரைப் போட்டு அதோடு மல்லுக்கட்டுவதுதான் தப்பு. கியரை இறக்கி நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற மாதிரி மிதியுங்கள். வேகம் குறையட்டும். கிளம்பும்போது காற்றுக்கு எதிராகப் போய், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளுகிற மாதிரி தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சீட்டையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதியை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முட்டிக்கு முன்னால் வலி என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்னால் வலி என்றால் உயரம். ஒரே நாளில் ஏற்றிவிடாமல் அரை செ.மீ. அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

40 கொண்டை ஊசி வளைவு, முழுக்க பிரேக்கில் கை. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முழுக்கக் கையில் வந்து விழும், மட்டமாக்குங்கள். மெத்தை வைத்த கையுறை போடுங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள், வழியில் நின்று கையை உதறுங்கள். இரண்டு நாளில் போய்விடும். விரலை விரிக்கவோ சாவியைப் பிடித்துத் திருகவோ பலமில்லை என்றால் அப்போது நரம்பு மருத்துவர்.

ஓடறதுக்கு முன்னாடியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டா என்னங்க?
– வாசகர், கரூர்

வேண்டாங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கரூர் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது இரட்டை அடி. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்றைக்கு ஓடக் கூடாது என்று அர்த்தம்.

சுளுக்குக்கு ஐஸ் நல்லதா, பத்து போடறது நல்லதா, நீவி விடறதா?
– வாசகர், கோபி

ஐஸ் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிறகு, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். முதல் இரண்டு நாள் அழுத்தி நீவுவது வேண்டவே வேண்டாம். உள்ளே கசிந்துகொண்டிருக்கும் ரத்தத்தை அது கூட்டும். பத்து போடுவது உங்கள் விருப்பம், தோல் கொப்பளித்தால் கழுவிவிடுங்கள். வீக்கம் வடிந்ததும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு. ஒருமுறை பிரண்ட கணுக்கால் மறுபடி பிரளாமல் இருக்க இதைவிட மலிவான மருந்து இல்லை. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மண் தடம் நல்லதுதான். சாய்வான இடம் வந்தால் போகும்போதும் வரும்போதும் ஒரே கரையில் ஓடுங்கள், இரண்டு காலும் மாறி மாறிப் பள்ளத்துப் பக்கம் வரும்.

எனக்கு 58 வயசு. முட்டி மடக்கினா நொறநொறங்குது, வலி இல்லை. கொல்லிமலை சைக்கிள்ல ஏறோணும்னு ஆசை.
– வாசகர், நாமக்கல்

வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை. முட்டியைவிட்டு நெஞ்சைப் பாருங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்து, மருத்துவர் சரி என்றபின் ஏறுங்கள். மேடு ஏறும்போது நெஞ்சில் பாரமோ தாடை வலியோ வந்தால் அங்கேயே இறங்கி உட்காருங்கள், உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். முதலில் சின்ன ஏற்றங்களில் இரண்டு மாதம் பழகுங்கள். கொல்லிமலையில் 70 வளைவு. ஏறும்போது கால் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு விட்டு, நடுநடுவே நின்று ஆறவிட்டு இறங்குங்கள்.