ஆப்பில் பார்த்தது ஒரு விலை, யூனிட் கிடைத்தது வேறு விலையில்!

கேள்வி: திங்கள்கிழமை பகல் 2 மணிக்கு ஆப் மூலம் ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 10,000 ரூபாய் போட்டேன். அப்போது என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) 49.10 என்று காட்டியது. ஆனால், 50 ரூபாய் கணக்கில் 199.990 யூனிட்தான் வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தது வெள்ளிக்கிழமை என்.ஏ.வி. சந்தை முடிந்த பிறகு, ஃபண்டிடம் உள்ள பங்குகளின் அன்றைய முடிவு விலையோடு கையிருப்புப் பணத்தையும் வரவேண்டியதையும் கூட்டி, தரவேண்டியதையும் அந்த ஒரு நாளுக்கான நிர்வாகச் செலவையும் கழித்து, மொத்த யூனிட்டுகளால் வகுப்பார்கள். அது இரவில்தான் வெளியாகும். ஆகவே, பணம் கட்டும் நேரத்தில் வாங்கும் விலை யாருக்குமே தெரியாது.

எந்த நாள் விலை என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 2021 பிப்ரவரி 1 முதல், தொகை எவ்வளவு சிறியதானாலும், விண்ணப்பம், பணம் இரண்டுமே பிற்பகல் 3 மணிக்குள் ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. உங்கள் வங்கியில் பணம் கழிந்த நேரம் கணக்கில் வராது. ஆப்பில் கட்டிய பணம் பெரும்பாலும் சந்தையின் பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் கணக்குக்குப் போய், அங்கிருந்துதான் ஃபண்டுக்குப் போகும். உங்கள் பணம் 3 மணியைத் தாண்டிச் சேர்ந்திருந்தால், செவ்வாய்க்கிழமை விலையான 50 ரூபாய் சரியே. முத்திரைக் கட்டணம் 0.005%, அதாவது 50 காசு, மீதி 9,999.50-ஐ 50-ஆல் வகுத்தால் 199.990. கணக்கு துல்லியமாக இருக்கிறது.

பணம் சேர்ந்த தேதி, நேரத்தை ஃபண்ட் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். திங்கள் 3 மணிக்கு முன்பே சேர்ந்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளத்தில் புகார் செய்யலாம். அடுத்த முறை காலையிலேயே கட்டிவிடுங்கள். மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் லிக்விட், ஓவர்நைட் ஃபண்டுகளுக்குக் கெடு 1.30 மணி.

கேள்வி: 10 ரூபாய் என்.ஏ.வி. உள்ள புதிய ஃபண்ட், 250 ரூபாய் ஃபண்டைவிட மலிவுதானே?

பதில்: மலிவு இல்லை. 10,000 ரூபாய்க்கு அங்கே 1,000 யூனிட், இங்கே 40 யூனிட். இரண்டிலும் உள்ள பங்குகள் 10% ஏறினால் இரண்டுமே 11,000 ரூபாய். என்.ஏ.வி. குறைவு என்றால் மலிவு இல்லை என்பதற்கு, ஒரே ஃபண்டின் ரெகுலர் (விநியோகஸ்தர் வழியாக வாங்குவது), டைரக்ட் (நேரடியாக வாங்குவது) பிளான்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே பங்குகள், அதே மேலாளர், ஆனால் ரெகுலரின் என்.ஏ.வி. குறைவாக இருக்கும். விநியோகஸ்தர் கமிஷன் தினமும் அதிலிருந்து கழிவதே காரணம்.