மூன்று சென்சஸில் மூன்று விதம்: எதை நம்புவது?

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் 1847-ல் மிசௌரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஓரிகனில் குடியேறியவர். பேத்திக்காக வம்சாவளி எழுதுகிறேன். 1850 சென்சஸில் அவர் வயது 33, பிறந்தது கென்டக்கி. 1860-ல் 45, வர்ஜீனியா. 1870-ல் 52, மறுபடியும் கென்டக்கி. மனைவி மேரிக்கு 1850-ல் வயது 30, பத்து வருடம் கழித்து 34! மூத்த மகனுக்கு அப்போது 21. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: அவர் வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்றையும் கணக்குப் போட்டால் பிறப்பு 1814-க்கும் 1818-க்கும் நடுவில் விழுகிறது. அந்தக் காலப் பதிவுகளில் இது சாதாரணம். பதில் சொன்னது யார் என்று 1940-க்கு முன் குறிக்கவே இல்லை. வீட்டுக்காரர் வயலில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லியிருக்கலாம்.

பிறந்த ஊருக்கு வருவோம். கென்டக்கி முன்பு வர்ஜீனியாவோடு இருந்தது, அதனால் வந்த குழப்பம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அது பிரிந்தது 1792-ல். இவர் பிறந்தது இருபது வருடத்துக்கு மேல் கழித்து. அந்தச் சமாதானம் இங்கே செல்லாது. பெற்றோர் வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம், அல்லது இவரையே கைக்குழந்தையாகத் தூக்கி வந்திருக்கலாம். மூன்றில் இரண்டு கென்டக்கி என்று ஓட்டு எண்ணாதீர்கள். 1880 சென்சஸில்தான் முதல்முறையாக ஒவ்வொருவரிடமும் அப்பா அம்மா பிறந்த இடத்தைக் கேட்டார்கள். தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், அவருடைய அண்ணன் தம்பிகள் பிறந்த இடங்களை வயது வரிசையில் அடுக்கினால், குடும்பம் எப்போது இடம் மாறியது என்பது தெரியும்.

உண்மையான சிக்கல் மேரிதான். 34 சரியென்றால் மூத்தவனைப் பெற்றபோது அவருக்கு 13 வயது. அதே பெயரில் இரண்டாம் மனைவியோ என்று சந்தேகப்பட வேண்டிய இடம் இது. 39 என்று எழுதியதை 34 என்று படித்திருக்கவும் வாய்ப்புண்டு. அச்சுப் பட்டியலை விட்டுவிட்டு, மூலப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஓரிகன் என்பது உங்கள் அதிர்ஷ்டம். 1850-ல் வந்த நன்கொடை நிலச் சட்டப்படி, அந்த வருடம் டிசம்பர் 1-க்குள் அங்கே இருந்த தம்பதிக்கு 640 ஏக்கர் வரை கிடைத்தது. அதில் பாதி மனைவியின் பெயரில். அதனால் கல்யாணம் எங்கே, எப்போது நடந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. பிறந்த இடமும் வருடமும்கூட அந்தக் கோப்பில் இருக்கும். நிலம் கிடைக்கும் காரியம், சாட்சியும் உண்டு. சென்சஸ்காரரிடம் வாசலில் சொன்ன பதிலைவிட இதையே நான் அதிகம் நம்புவேன். கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அதிலுள்ள கல்யாணத் தேதி மூத்த மகன் பிறப்பதற்கு முன்னால் இருந்தால், 1850-ல் இருந்த மேரிதான் அம்மா. அடுத்ததாக, 1850-களின் கவுன்டி திருமணப் பதிவேட்டில் கணவரின் பெயர் மறுபடி வருகிறதா என்று தேடுங்கள். அதுவரை பேத்தியின் நோட்டில் ‘சுமார் 1816, கென்டக்கி(?)’ என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.