பகிர்வுக் கோப்புறையில் எதை வைக்கலாம்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில், ஒரு கணினிக்குள் இன்னொன்றை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதனுள் விண்டோஸில் கணக்கு மென்பொருளை இயக்குகிறோம். இரண்டுக்கும் பொதுவாக அமைத்த பகிர்வுக் கோப்புறை, விண்டோஸை அணைத்துத் திரும்பத் தொடங்கினால் மறைந்துவிடுகிறது. கணக்குத் தரவையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், அவிநாசி

பதில்: மெய்நிகர் கணினி (விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இயங்கும் உங்கள் விண்டோஸ்) ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்க்கப்படும் பகிர்வு, நிரந்தரமாக்கும் தேர்வைக் குறிக்காவிட்டால், அணைத்ததும் நீங்கிவிடும். அதையும் தானியங்கி இணைப்பையும் குறித்துவிட்டால், விண்டோஸில் அக்கோப்புறை ஒரு டிரைவாக ஒவ்வொரு முறையும் தோன்றும். அப்போதும் தெரியாவிட்டால், விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அது இல்லாமல் இந்தப் பகிர்வு இயங்காது.

கணக்குத் தரவை மட்டும் தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள். கணக்கு மென்பொருள் தன் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, (ஒரே நேரத்தில் வேறெதுவும் மாற்றாதபடி) பூட்டியும் விடுவித்தும் இடைவிடாமல் எழுதுகிறது. பகிர்வுக் கோப்புறையில் அந்தப் பூட்டு உள்வட்டில் (மெய்நிகர் கணினியின் சொந்த வட்டில்) இருப்பதுபோல் உறுதியாக வேலை செய்யும் என்று நம்பி, ஆண்டுக் கணக்கைப் பணயம் வைக்க முடியாது. ஆகவே, நடப்புத் தரவு விண்டோஸின் உள்வட்டிலேயே இருக்கட்டும். மாலையில் மென்பொருளை மூடியபின் எடுக்கும் காப்பு நகல் மட்டும் பகிர்வுக் கோப்புறைக்கு வரட்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் கணினியின் அந்நேர நிலையைச் சேமித்து வைப்பது) எடுத்துப் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பினால், உள்வட்டு முழுவதும் அந்த நாளுக்குப் போய்விடும். பகிர்வுக் கோப்புறை உபுண்டுவின் வட்டில் இருப்பதால் அது மாறாது. திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட்டுக்கு வெள்ளிக்கிழமை திரும்பினால், இடையில் பதிந்த நூல் கொள்முதல், சாயப்பட்டறைக் கூலி, தையல் ஜாப் ஒர்க் பில் அனைத்தும் உள்வட்டிலிருந்து போய்விடும். வெளியே எடுத்து வைத்த நகல்தான் அவற்றை மீட்டுத் தரும்.

ஒரே கோப்புறைக்குப் பதில் இரண்டு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் விவரங்களும் அளவுப் பட்டியல்களும் உள்ளதை, படிக்க மட்டும் என்று அமையுங்கள். காப்பு நகலுக்கானதில் மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். விண்டோஸில் கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டும் வைரஸ் புகுந்தால், எழுதத்தக்க பகிர்வில் உள்ளவற்றையும் அது பூட்டிவிடும் என்பதால், அந்த நகலை உபுண்டுவின் பக்கமிருந்து வேறொரு வட்டுக்கும் அன்றன்றே மாற்றிவிடுங்கள்.